வாய் வறட்சி: செயற்கை உமிழ்நீரா, சுரப்பைத் தூண்டுவதா?

கீமோதெரபியால் வரும் வாய் வறட்சி, சிகிச்சை முடிந்த சில மாதங்களுக்குள் பெரும்பாலும் தணிந்துவிடும். தலை, கழுத்துப் பகுதியில் கதிர்வீச்சு பெற்றவர்களுக்கோ உமிழ்நீர்ச் சுரப்பிகளின் திசுவே சிதைவதால், அது ஆண்டுக்கணக்கில் நீடிக்கக்கூடும். ஆகவே எந்த நிவாரணம் சிறந்தது என்பது, சுரப்பியில் எவ்வளவு திறன் எஞ்சியிருக்கிறது என்பதைப் பொறுத்தது.

ஓரளவேனும் சுரப்பு இருப்பவர்கள் முதலில் சர்க்கரை சேர்க்காத சூயிங்கத்தை மென்று பார்க்கலாம். வாய்ப்புண் ஆறாதவர்களுக்கும் தாடை இறுகியவர்களுக்கும் இது ஒத்துவராது. புளிப்பு மிட்டாய்களும் சுரப்பைத் தூண்டும். ஆனால் அமிலத்தைத் தணிக்க உமிழ்நீர் போதாத வாயில் அவை பல்லின் மேற்பூச்சை அரிக்கும் என்பதால் நான் அவற்றைப் பரிந்துரைக்க மாட்டேன்.

பைலோகார்பைன் மாத்திரை இவற்றைவிட வலிமையானது. வழக்கமான தொடக்க அளவு 5 மில்லிகிராம், நாளுக்கு 3 வேளை. பலன் தெரியச் சில வாரங்கள் பிடிக்கலாம். உமிழ்நீர்ச் சுரப்பியோடு நிற்காமல் உடலின் மற்றச் சுரப்பிகளையும் இம்மருந்து தூண்டுவதால் வியர்த்துக் கொட்டும். அடிக்கடி சிறுநீர் கழிக்கவும் நேரும். கட்டுக்குள் வராத ஆஸ்துமா உள்ளவர்களும், குறுகிய கோண வகைக் கண் அழுத்த நோய் உள்ளவர்களும் இதை எடுத்துக்கொள்ளக் கூடாது. சுரப்பி முழுவதும் செயலிழந்திருந்தால் மாத்திரையால் பயன் கிடைக்காது.

அந்த நிலையிலும் கைகொடுப்பது செயற்கை உமிழ்நீர். கார்பாக்சிமெத்தில் செல்லுலோஸ் போன்ற பொருள்கள் வாயில் படலமாகப் படிந்து ஈரத்தைத் தக்கவைக்கின்றன. தெளிப்பானின் பலன் விரைவில் தீர்ந்துவிடும் என்பதால் இரவில் களிம்பு வடிவமே மேல். எனினும் இயல்பான உமிழ்நீரின் கிருமி எதிர்ப்புப் புரதங்களுக்கு ஈடான பாதுகாப்பை இது தருவதில்லை.

கதிர்வீச்சு இன்னும் தொடங்காதவர்களுக்கு இவை எல்லாவற்றையும்விட நல்ல வாய்ப்பு ஒன்று உண்டு. கதிர்களின் செறிவை இடத்துக்கு இடம் மாற்றிச் செலுத்தும் ஐஎம்ஆர்டி முறையில் காதருகேயுள்ள பரோட்டிட் சுரப்பிகளைக் கூடியவரை காக்க முடியும். 2011இல் வெளியான பார்ஸ்போர்ட் ஆய்வில், ஓராண்டுக்குப் பின் குறிப்பிடத்தக்க வறட்சி பழைய முறையில் 74 விழுக்காட்டினரிடமும் இம்முறையில் 38 விழுக்காட்டினரிடமும் காணப்பட்டது. கட்டி அமைந்த இடம் அனுமதித்தால் மட்டுமே இது கைகூடும்.

எந்த வழியைத் தேர்ந்தாலும் பல் சொத்தைக்கு எதிராக ஃபுளோரைடு தேவை. கதிர்வீச்சு பட்ட தாடையில் பின்னர் பல்லைப் பிடுங்கினால் எலும்பு ஆறாமல் போகும் அபாயம் இருப்பதால், பல் மருத்துவரைச் சிகிச்சைக்கு முன்பே பார்த்துவிட வேண்டும்.