மரத்துப்போன விரலுக்கு மூன்று வினாடிப் பொத்தான்

மயூர் விஹார் தோழி நேற்று கேட்டாள்: "உன் பையில சூடா ஒரு டப்பா வச்சிருப்பியே, அது வாங்கலாமாடி? எனக்கும் விரல் வெளுக்க ஆரம்பிச்சிருக்கு." வாட்ஸப்பில் ஒரு வரி தட்டத்தான் உட்கார்ந்தேன். ஆனால் போன சனிக்கிழமைதான் நேரு பிளேஸில் அந்த டப்பாவுக்கு, அதாவது கையைச் சூடாக்கும் ஹேண்ட் வார்மருக்கு, பேட்டரி மாற்ற 400 ரூபாய் அழுதுவிட்டு வந்திருந்தேன். ஒரு வரியில் அடங்கவில்லை.

எனக்கு இருப்பது ரேனாட்ஸ். 1862-லேயே ஒரு பிரெஞ்சு டாக்டர் விவரித்து எழுதி, அவர் பெயரே நின்றுவிட்டது. குளிர் பட்டதும் விரலுக்குப் போகிற சின்ன ரத்தக்குழாய்கள் இறுகிக்கொள்ளும். விரல் முதலில் வெளுக்கும், அப்புறம் நீலம் பாயும், ரத்தம் திரும்பும்போது சிவந்து ஊசி குத்தும். திருச்சியில் இருந்தவரை இப்படி ஒன்று இருப்பதே தெரியாது. டில்லியில் முதல் ஜனவரி, ஒரு காலை, மேத்திக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் மோதிர விரலைப் பார்த்தேன். நடுக்கணு வரை மெழுகுவர்த்தி, அதற்குக் கீழே என் விரல். நடுவில் கோடு கிழித்த மாதிரி.

ஹேண்ட் வார்மர் வாங்கி இது நான்காவது குளிர்காலம். சோப்புக்கட்டி அளவு, அலுமினிய உடம்பு, மூன்று நிலைச் சூடு. மற்ற விவரமெல்லாம் விற்கிற பக்கத்திலேயே கிடைக்கும். என் கோபம் அதன் பொத்தான் மேல்தான்.

ஆன் செய்ய மூன்று வினாடி விடாமல் அழுத்த வேண்டும். பொத்தானுக்குப் புடைப்பு கிடையாது, உடம்போடு உடம்பாகப் படிந்திருக்கும். விரல் மரத்துப்போனவளுக்குத்தானே இந்தச் சாமானே? மரத்த விரலுக்குத் தான் எதன் மேல் இருக்கிறோம் என்பதே தெரியாது, அழுத்துகிறோமா என்பது எப்படித் தெரியும்? கொஞ்சம் முன்னாடி எடுத்துவிட்டால் விளக்கு ஒருமுறை கண் சிமிட்டிவிட்டு அணைந்துவிடும். முனிர்க்கா பஸ் ஸ்டாப்பில் மூடுபனிக்குள் நின்று, பல்லால் கடித்தே ஆன் செய்திருக்கிறேன். பக்கத்தில் நின்ற பெரியவர் இரண்டடி தள்ளிப் போய்விட்டார். பேட்டரி மாற்றிய பையனிடம் பொத்தான் மேல் ஒரு சொட்டு பசையாவது வைத்துத் தரச் சொன்னேன். வைத்தான். நாலு வருஷத்தில் எந்தக் கம்பெனிக்காரனுக்கும் தோன்றாதது அந்த ஒரு சொட்டு.

இன்னொன்று, மூன்றாம் நிலைச் சூட்டைத் தொடாதே. மரத்த தோலுக்குச் சூடு உறைக்காது. உள்ளங்கையில் பொத்திக்கொண்டே தூங்கி, காலையில் சிவந்த தடிப்போடு எழுந்தேன். வெந்நீருக்கும் இதே கதைதான். வெதுவெதுப்பு போதும்.

கால் விரலுக்கு இதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை. மொசைக் தரைக்கு இரண்டு ஜோடி கம்பளி சாக்ஸும் செருப்பும்தான். அடுக்களைக்குள் செருப்பா என்று முகம் சுளித்த மாமியார், ஒரு நாள் என் கட்டை விரலின் நிறத்தைப் பார்த்துவிட்டு, "போட்டுக்கோம்மா, பெருமாள் ஒண்ணும் சொல்ல மாட்டார்" என்றார். மார்கழி காலையில் மலை மந்திர் படி ஏறுவதை மட்டும் வெயில் வந்த பிறகு என்று தள்ளிவைத்துவிட்டேன். முருகனும் கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

நியாயமாக இதையும் சொல்ல வேண்டும். மெட்ரோவில் பையை எக்ஸ்ரேயில் விட்டதும் சிஐஎஸ்எஃப் பெண் கூப்பிட்டு, "யே க்யா ஹை?" என்று கையில் எடுத்தார். வீட்டிலேயே ஆன் செய்து வைத்திருந்தேன். விரல் உயிரோடு இருக்கும்போதே ஆன் செய்துவிட வேண்டும், நான்கு வருஷத்தில் கற்ற ஒரே வித்தை. ஹிந்தியில் விளக்கி முடித்தேன். அவர் திருப்பித் தரவில்லை. இரண்டு கையாலும் பொத்தி ஒரு நிமிஷம் வைத்திருந்தார். எனக்குப் பின்னால் வரிசை முனகியது. அப்புறம் சிரித்துக்கொண்டே கொடுத்தார்.

ஆனாலும் தோழிக்கு "வாங்காதே" என்றுதான் அனுப்பினேன். டாக்டர் எனக்குச் சொன்னது: "விரலைப் பார்க்கணும்னா முதல்ல வயித்தையும் நெஞ்சையும் மூடுங்க. உடம்பு குளிர்ந்தா அது கைக்குப் போற ரத்தத்தைத்தான் முதல்ல குறைக்கும்." ஆகவே தெர்மல் உள்ளாடை, குல்லா, நாலு விரலும் ஒன்றாகக் கிடக்கிற கையுறை. கையுறை தானாகச் சூடு தராது, கை சூடாக இருக்கும்போதே மாட்டிக்கொள். எல்லாவற்றுக்கும் முன்னால் டாக்டர். நாற்பதுக்கு மேல் புதிதாக ஆரம்பித்தால் ஏ.என்.ஏ. ரத்தப் பரிசோதனை (உடம்பின் எதிர்ப்புச் சக்தியே உடம்பைத் தாக்குகிறதா என்று பார்ப்பது) எடுக்கச் சொல்வார்கள், சும்மா விடக் கூடாது. நீ ஒற்றைத் தலைவலிக்குச் சாப்பிடும் ப்ரோப்ரனோலாலும் விரலை வெளுக்க வைக்கும். அதற்காக நீயாக நிறுத்திவிடாதே, கேள்.

டப்பாவுக்கு ஐந்துக்கு இரண்டு. அதுவும் பசைக்காரப் பையனுக்காக.

"சரி, வாங்கலை. உன்னோடதை ஒரு வாரம் குடேன்" என்று பதில் வந்தது. ஹோலி கழிந்து தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.