குற்றாலத்துக் கடையில் வாங்கிய மர நடைவண்டி: நடை தாமதமான பிள்ளைக்கு உதவுமா?

எங்கள் பாப்பாவுக்கு இப்போது 22 மாதம். ஏழு வாரம் முன்னாடியே பிறந்தவள், தசையில் இறுக்கம் குறைவு என்று டாக்டர் சொன்னார், கழுத்து நின்றதிலிருந்து எல்லாமே தாமதம்தான், ஒரு வயது முடிந்த பிறகுதான் சாயாமல் உட்கார்ந்தாள். பெரும்பாலான பிள்ளைகள் 8 மாதத்துக்கும் 18 மாதத்துக்கும் இடையில் தனியாக நடந்துவிடுவார்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. ஏழு வாரத்தைக் கழித்துப் பார்த்தாலும் பாப்பா அதைத் தாண்டிவிட்டாள். இந்த மாதிரி பிள்ளையை வைத்துக்கொண்டு நடைவண்டி வாங்கலாமா என்று யோசிக்கிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் நாங்கள் செய்த தப்பைச் சொல்லிவிடுகிறேன். ஆன்லைனில் உட்காரும் வாக்கர் வாங்கினோம், நடுவில் துணி இருக்கை, சுற்றிச் சக்கரம், முன்னால் பாட்டுப் பாடும் தட்டு. பாப்பா அதில் தொங்கிக்கொண்டு கட்டைவிரல் நுனியால் தரையை உந்தினாள், குதிகால் கீழே படவே இல்லை. புனலூரில் பிசியோதெரபிக்குப் போகிறோம் (செங்கோட்டையிலிருந்து ஆரியங்காவு வழியாகப் பஸ், அங்கே தமிழும் மலையாளமும் கலந்துதான் பேச்சு). அந்த அக்கா வீடியோவைப் பார்த்ததும், "இது வேண்டாம் மோளே, இதில் இடுப்புக்கு வேலையே இல்லை, இன்னைக்கே எடுத்து வைச்சிடு" என்றார். கனடாவில் 2004லேயே இந்த வாக்கரை விற்கத் தடை போட்டுவிட்டார்கள் என்பது அப்புறம்தான் தெரிந்தது. தள்ளுகிற வண்டி என்றால் சரி, ஆனால் பிடித்துக்கொண்டு நிற்கத் தெரிந்த பிறகுதான் என்றார். பாப்பா கட்டில் சட்டத்தைப் பிடித்துத் தானாக எழுந்து நின்ற வாரம் குற்றாலம் போனோம்.

சீசன் கடைகளில் இரண்டு மூன்று அளவில் வைத்திருந்தார்கள். நாங்கள் வாங்கியது 750 ரூபாய், மூன்று சக்கரம், சிவப்பும் பச்சையும் அடித்தது. மரம் நல்ல கனம், அதுதான் இதில் முதல் நல்ல விஷயம். ஈரத்துணியால் அழுத்தித் துடைத்துப் பார்த்தேன், சாயம் வரவில்லை. பின்னால் ஒரு விளிம்பில் மட்டும் சிராய் நீட்டிக்கொண்டிருந்தது, உப்புத்தாள் வாங்கித் தேய்த்தோம். கைப்பிடி பிள்ளையின் நெஞ்சுக்கு நேராக வர வேண்டும், அதனால் பிள்ளையைக் கூட்டிப்போய் நிறுத்திப் பார்த்தே வாங்குங்கள். அண்ணாச்சி பொறுமையாக மூன்று வண்டியையும் எடுத்துப் போட்டார்.

ஆனால் கடையில் கொடுத்தபடியே இந்த வண்டி எங்கள் பாப்பாவுக்கு ஆகாது. மொசைக் தரையில் அவள் உடம்பைச் சாய்த்ததுமே வண்டி முன்னால் ஓடிவிட்டது, கால் அங்கேயே நிற்க உடம்பு மட்டும் நீண்டுபோய் முகம் குப்புற விழப் பார்த்தாள், நான் சட்டையைப் பிடித்துவிட்டேன். அன்று பூராவும் அந்தப் பக்கமே அவள் போகவில்லை. பிசியோ அக்கா சொன்ன வழி இதுதான்: பழைய சைக்கிள் டியூப்பைப் பட்டையாக வெட்டி மூன்று சக்கரத்திலும் இழுத்து மாட்டினார் என் வீட்டுக்காரர். முன்பக்கக் குறுக்குச் சட்டத்தில், தாழ்வாக, இரண்டு கிலோ மணலை மஞ்சப்பையில் கட்டினோம். இப்போது உந்தினால்தான் நகர்கிறது, கைப்பிடியைப் பிடித்து எழும்பினாலும் பின்னால் சாய்வதில்லை. மணலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கச் சொல்லியிருக்கிறார்கள், போன வாரம் ஒன்றரைக் கிலோ ஆக்கினோம்.

வண்டியை மட்டும் நம்பவும் கூடாது. ஒரு நாளைக்கு இரண்டு தடவை, பத்துப் பத்து நிமிடம்தான் வண்டி, வாய் திறந்து மூச்சு வாங்கினால் உடனே நிறுத்திவிடுவோம், களைத்துப்போனால் முட்டி பின்னால் பூட்டிக்கொள்கிறது. மற்ற நேரம் விளையாட்டுதான். கட்டில் ஓரமாகச் சிரட்டைகளை வரிசையாக வைப்பேன், ஒவ்வொன்றாகத் தட்டிவிட அவள் பக்கவாட்டில் காலை எடுத்து எடுத்து வைத்துப் போவாள். சின்ன முக்காலியில் பாதம் தரையில் படிய உட்கார வைத்து, எதிரே நாற்காலியில் சொப்புச் சாமானை வைத்தால் அதை எடுக்க எழுந்திருப்பாள், மறுபடி உட்காருவாள், பத்து தடவைகூடச் சலிக்காது. வெறுங்கால்தான், ஷூ போடுவதில்லை. அவளுக்கு ரொம்பப் பிடித்தது வண்டியில் தேங்காய் ஏற்றி அடுப்படியிலிருந்து திண்ணைக்குக் கொண்டுபோய் ஆச்சியிடம் கொடுப்பது. ஆச்சி, "ஏ தாயி, வெத்தல எங்க?" என்று கேட்டால் திரும்பிப் பார்த்துச் சிரிப்பாள், ஆனால் வண்டியைத் திருப்பத் தெரியாமல் அழுவாள்.

அதுதான் இந்த வண்டியின் இன்னொரு குறை. முன்னால் ஒற்றைச் சக்கரம், திருப்பும்போது பக்கவாட்டில் சரிகிறது, ஒரு ஆள் கூடவே நடந்தாக வேண்டும். பக்கவாட்டில் பலம் ரொம்பக் குறைவான பிள்ளைக்கு நாலு சக்கரம் வைத்த, அகலமான தள்ளுவண்டியே நல்லது. பிடித்துக்கொண்டும் நிற்காத பிள்ளைக்கு இப்போதைக்கு எதுவும் வாங்காதீர்கள், முதலில் பிசியோவிடம் காட்டுங்கள். சக்கரத்தைப் பிடித்திருக்கும் மர ஆப்பு எங்களுக்கு மூன்றாவது வாரமே தளர்ந்துவிட்டது, விழுந்தால் பிள்ளை வாயில் போடுகிற அளவுதான் இருக்கிறது, அதனால் வாரம் ஒரு தடவை தட்டிப் பாருங்கள்.

பாப்பா நேற்று அடுப்படியிலிருந்து திண்ணை வரை 14 அடி வைத்தாள், நான் எண்ணினேன், பாதம் முழுசாகத் தரையில் பட்டது.