தர்மபுரியில் எவர்சில்வர் பட்டறையில் செய்து வாங்கிய கிளிக்கூண்டு

கிளிக்கு 3,500 ரூபாய், கூண்டுக்கு 11,500 ரூபாயா என்று சொந்தக்காரர்கள் எல்லாரும் கேட்டுவிட்டார்கள். ஆமாம், அப்படித்தான் செலவு செய்தோம், திரும்ப வாங்குவதானாலும் அப்படித்தான் செய்வேன். ஏன் என்று எழுதுகிறேன், முதல்முறை கிளி வாங்க நினைக்கிறவர்களுக்கு உதவும்.

மகள் நாலாம் வகுப்பு, ஒரு வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். அத்தை பச்சைக்கிளிதான் வரப்போகிறது என்று நினைத்திருந்தார், பாப்பிரெட்டிப்பட்டி பக்கம் அவர் பிறந்த ஊரில் அந்தக் காலத்தில் பல வீட்டில் இருந்ததாம். நம் நாட்டுப் பச்சைக்கிளியை வீட்டில் வளர்க்க 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இடம் கொடுப்பதில்லை. "குஞ்சு இருக்கு, குறைச்சுத் தர்றேன்" என்று யாராவது வந்தால் தயவுசெய்து வாங்காதீர்கள், அது தாயிடமிருந்து மரப்பொந்தில் கைவிட்டு எடுத்த குஞ்சாகத்தான் இருக்கும். நாங்கள் முடிவு செய்தது காக்டீல். ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த கொண்டைக் கிளி வகை, இங்கே கூண்டிலேயே குஞ்சு பொரிக்க வைத்து விற்கிறார்கள். சன் கான்யூர் மாதிரி வேறு வெளிநாட்டுக் கிளி என்றால் 2024-இல் வந்த விதிகளின்படி மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும், காக்டீல் சைட்டிஸ் (காட்டு உயிர்களின் வியாபாரத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தம்) பட்டியலில் இல்லாததால் அந்த வேலை கிடையாது.

முதலில் ஆன்லைனில் ஒரு கூண்டு வரவழைத்தோம், 3,200 ரூபாய். படத்தில் அழகு. பிரித்துப் பூட்டியதும் ஆட்டம், கம்பியை நகத்தால் சுரண்டினாலே வெள்ளைப் பெயின்ட் செதிலாக வந்தது, உள்ளே துத்தநாகப் பூச்சுக் கம்பி. கிளிக்கு அலகும் ஒரு கால் மாதிரிதான், கம்பியைக் கவ்விக் கவ்வித்தான் மேலே ஏறும். பெயர்கிற பூச்சு நேராக வயிற்றுக்குப் போகும், துத்தநாகமும் ஈயமும் கிளிக்கு விஷம். கதவும் மேலே தூக்கி விடுகிற மாதிரி. மகள் விரல் மேல் ஒருமுறை விழுந்து நகம் கருத்துவிட்டது. அந்த இடத்தில் பறவையின் கழுத்து இருந்திருந்தால்? அன்றைக்கே திருப்பி அனுப்பினேன், பணம் வர 19 நாள் ஆனது.

அப்புறம்தான் பென்னாகரம் ரோட்டுப் பக்கம் மாடிப்படிக் கைப்பிடி செய்கிற எவர்சில்வர் பட்டறைக்குப் போனேன். பெயர் போடவில்லை, அந்தத் தம்பி வேண்டாம் என்றார். கூண்டு அவருக்கும் முதல் வேலை. நான் வரைந்து கொண்டுபோன அளவு: நீளம் இரண்டரை அடி, உயரம் மூன்று அடி, அகலம் 20 இன்ச். கம்பிக்கு நடுவே அரை இன்ச் இடைவெளி என்றதும் யோசித்தார். "எதுக்குக்கா அவ்ளோ நெருக்கம், ஒரு இன்ச் விட்டாப் போதாதா? கோழிக்கே அவ்ளோதானே விடுறோம்." "தலையை நுழைச்சிட்டா திரும்ப எடுக்கத் தெரியாது தம்பி" என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, கணக்கை மாற்றிப் போட்டார். இரண்டு பக்கம் கம்பியைப் படுக்க வசமாக வைக்கச் சொன்னேன், ஏறுவதற்கு அதுதான் தோது. கதவு பக்கவாட்டில் திறக்க வேண்டும், கொக்கி வெளியே.

அவரிடம் எனக்குப் பிடித்தது ஒன்று. எவர்சில்வரில் 202, 304 என்று இரண்டு தரம் இருக்கிறது, 202 விலை குறைவு, ஆனால் தண்ணீர் படப்பட சீக்கிரம் துரு பிடிக்கும் என்று அவராகவே சொன்னார். இரண்டு கம்பியிலும் ஒரு சொட்டு டெஸ்டிங் திரவம் விட்டு ஒன்பது வோல்ட் பேட்டரியை வைத்தார், 202 சிவந்தது, 304 சிவக்கவில்லை. என் கூண்டுக்கு எடுத்த கம்பியிலும் அதே மாதிரி போட்டுக் காட்டிவிட்டுத்தான் வெட்டினார். ஆர்கான் வெல்டிங், 3 மில்லிமீட்டர் கம்பி, அடியில் இழுத்து எடுக்கிற தட்டு, மொத்தம் 16 கிலோ.

குறையும் சொல்லிவிடுகிறேன். பத்து நாள் என்றவர் 24 நாள் எடுத்தார், நடுவில் கிரகப்பிரவேச வீடு ஒன்றின் கைப்பிடி வேலை வந்துவிட்டது. போன் செய்தால் எடுப்பார், தேதி மட்டும் சொல்ல மாட்டார். அடித்தட்டுக்கும் கூண்டுச் சட்டத்துக்கும் நடுவே விரல் நுழைகிற சந்து இருந்தது, ஒரு பட்டை வைத்து அடைக்கச் சொன்னேன். முக்கியமானது பிசிறு. பழைய நைலான் துப்பட்டாவை எடுத்துப்போய் எல்லா மூலையிலும் கம்பி முனையிலும் தேய்த்துப் பார்த்தேன், ஏழு இடத்தில் நூல் மாட்டி இழுத்தது. அவர் முகம் சுண்டிவிட்டது, ஆனால் மறுபேச்சு பேசவில்லை, ஏழையும் கிரைண்டிங் செய்து பஃபிங் (பாலிஷ்) போட்டார், காசு கேட்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் பஃபிங் கறுப்பு போகும்வரை மூன்று முறை சோப்புத் தண்ணீரில் கழுவி இரண்டு நாள் வெயிலில் வைத்தோம்.

அந்த 24 நாள் வீணாகவில்லை, வீட்டை அதற்குள் சரி செய்தோம். நான்ஸ்டிக் தவா இரண்டையும் எடுத்துவிட்டு இரும்பு தோசைக்கல்லுக்கு மாறினோம். அந்தப் பூச்சு 260 டிகிரிக்கு மேல் சூடானால் வருகிற புகை நமக்குத் தெரியவே தெரியாது, பறவை நிமிடங்களில் செத்துவிடும். அடுப்பில் தவாவை வைத்துவிட்டுக் காய் வாங்க வாசலுக்குப் போகிற பழக்கம் எனக்கு உண்டு, அதனால் இதில் கொஞ்சமும் சமரசம் செய்யவில்லை. கொசுவர்த்தி போய்க் கொசுவலை வந்தது. ஹால் ஜன்னலுக்கு வலைக்கதவு, குளியலறை வாளிக்கும் அண்டாவுக்கும் மூடி, கண்ணாடி பீரோவுக்குத் திரை. கிளி வெளியே இருந்தால் ஃபேன் ஓடக்கூடாது என்று சுவிட்ச் பக்கத்தில் மகளே எழுதி ஒட்டினாள். வெள்ளிக்கிழமை சாம்பிராணிதான் கஷ்டமாக இருந்தது. "நாப்பது வருசமா போடுறேம்மா" என்றார் அத்தை. வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. இரண்டு நாள் கழித்து அவரே தூபக்காலை வாசல் திண்ணைக்கு எடுத்துப்போய்க் கதவைச் சாத்திவிட்டுப் போட்டார். இன்றைக்கும் அப்படித்தான்.

கூண்டை ஹால் மூலையில் சுவரை ஒட்டி வைத்தோம், ஒரு பக்கமாவது சுவர் இருந்தால் அதற்குப் பயம் குறையும். சமையலறைப் பக்கமும் மேற்கு ஜன்னலும் கூடாது, இந்த ஊர் ஏப்ரல் வெயில் தெரியும்தானே. உட்காரக் கடைக் குச்சி வாங்கவில்லை. ஒரே பருமன் குச்சியில் எந்நேரமும் நின்றால் பாதம் புண்ணாகும். பக்கத்து வீட்டுக் கொய்யாவில் மூன்று பருமனில் கிளை வெட்டிக் கழுவிக் காயவைத்துக் கட்டினோம்.

கிளி வந்த மூன்றாம் நாள் ராத்திரி பத்தே முக்காலுக்குக் கரண்ட் போனது. உடனே கூண்டுக்குள் படபடவென்று பெரிய சத்தம், இருட்டில் பயந்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மோதியது. காக்டீலுக்கு இந்த இராத்திரி பயம் அதிகம் என்று படித்திருந்தேன், நேரில் பார்த்தபோது கை நடுங்கிவிட்டது. டார்ச்சைச் சுவர்ப்பக்கம் அடித்துக்கொண்டு மெதுவாகப் பேசினேன், ஐந்து நிமிடத்தில் கொய்யாக் கிளையில் போய் உட்கார்ந்தது. இரண்டு இறகு விழுந்திருந்தது, ரத்தம் இல்லை. அந்த ஆன்லைன் கூண்டாக இருந்திருந்தால் அத்தனை மோதலுக்குச் சாய்ந்தே போயிருக்கும். இது அசையவில்லை, இறகு எங்கேயும் மாட்டவும் இல்லை. 11,500 ரூபாய்க்கு அந்த ஐந்து நிமிடம் எனக்குப் போதும். மறுநாள் சார்ஜ் ஏறுகிற சின்ன இரவு விளக்கு ஒன்று வாங்கி மாட்டினோம்.

சாப்பாட்டுக்கு நம் மாவட்டத்தில் கவலை இல்லை. மளிகைக் கடையில் தினை கேட்டால் உமி நீக்கிய அரிசியைத்தான் தருவார்கள், உமியோடு வேண்டும் என்று கேளுங்கள், உரித்துத் தின்பதில்தான் அதற்குச் சுகம். மொட்டை மாடித் தொட்டியில் ஒரு பிடி தூவினேன், மூன்று மாதத்தில் கதிர் வந்தது, முழுக் கதிராகக் கட்டிவிட்டால் அரை மணி நேரம் வேறு எதையும் பார்க்காது. தானியம் மட்டும் போதாது, முருங்கைக்கீரை, கேரட், கொட்டை நீக்கிய மாம்பழத் துண்டு என்று பழக்குகிறோம். ஏற்காட்டிலிருந்து வருகிற பட்டர் ஃப்ரூட் (அவகாடோ) மட்டும் கண்ணிலேயே காட்டாதீர்கள், அது கிளிக்கு விஷம். சாக்லேட், காபி, வெங்காயமும் அப்படித்தான்.

பட்டறைக்கு ஐந்துக்கு நாலு கொடுப்பேன், ஒன்று குறைவது தேதிக்காக. போகிறவர்கள் அளவைக் காகிதத்தில் எழுதிக்கொண்டு போங்கள், வாயால் சொன்னால் கைப்பிடிக் கணக்கில் செய்துவிடுவார். இப்போது அவரிடமே சின்னப் பயணப் பெட்டி ஒன்று சொல்லியிருக்கிறேன், 1,800 ரூபாய். உடம்புக்கு முடியாமல் போனால் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்குத்தான் கொண்டுபோக வேண்டும், அவ்வளவு தூரம் அட்டைப்பெட்டியில் வைத்துப் போக முடியாது. அடுத்த வியாழக்கிழமை தருவதாகச் சொல்லியிருக்கிறார். அன்றைக்கும் துப்பட்டாவோடுதான் போவேன்.