1946-47 கூடைப்பந்து: பிலடெல்பியா வாரியர்ஸா, வாஷிங்டன் கேபிடல்ஸா?

பின்னாளில் என்பிஏ (அமெரிக்காவின் முதன்மைத் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்) ஆன பிஏஏ லீக்கின் முதல் சீசனை எந்த அணி வழியாகப் படிக்கலாம் என்று குழம்புகிறவர்களுக்கு:

வெற்றி-தோல்வி: வாஷிங்டன் 49-11. பிலடெல்பியா 35-25, சுமார்தான்.

ஆள்: வாஷிங்டனில் 29 வயதுப் பயிற்சியாளர் ரெட் ஆவர்பாக், பின்னாளில் பாஸ்டன் அணியில் பெரும் புகழ் பெற்றவர். பிலடெல்பியாவில் ஜோ ஃபல்க்ஸ். பெரும்பாலோர் தரையில் கால் ஊன்றி எறிந்த காலத்தில் எம்பி எறிந்து, ஆட்டத்துக்கு 23.2 புள்ளி எடுத்தவர்.

பிளேஆஃப் (சாம்பியனைத் தீர்மானிக்கும் கடைசிச் சுற்றுகள்): இங்கேதான் கூத்து. இரு பிரிவுகளின் முதலிட அணிகளை அரையிறுதியிலேயே மோதவிட்டார்கள். வாஷிங்டன் சிகாகோவிடம் 4-2 எனத் தோற்றது. இன்னொரு பக்கமாக வந்த பிலடெல்பியா, இறுதியில் அதே சிகாகோவை 4-1 என வீழ்த்தியது.

அப்புறம்: வாஷிங்டன் 1951 ஜனவரியில் கலைந்தது. பிலடெல்பியாதான் இன்றைய கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் அணி.

இன்றைய என்பிஏ ரசிகருக்கு பிலடெல்பியா. பயிற்சியாளர் உருவான கதை வேண்டுமென்றால் வாஷிங்டன். என் ஓட்டு வாஷிங்டனுக்கே.