இ2ஓவா, டியாகோவா, காமெட்டா: இரண்டு இருக்கை காருக்கு எதை அறுக்கலாம்?

கப்பலூரில் என் லேத் பட்டறைக்குப் பின்புறம் தகரக் கூரை வேய்ந்த ஓர் இடம் உண்டு. ஒன்றரை ஆண்டாக அங்கே ஒரு மின்சாரக் கார் உரித்த கோழி போல நிற்கிறது. மஹிந்திரா இ2ஓ. கதவில்லை, கூரையில்லை, பின் இருக்கை இல்லை. இரண்டு பேர் உட்கார இரண்டு இருக்கைகள் மட்டும். பார்க்க வருகிறவர்கள் டீயைக் குடித்துவிட்டு ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: இந்தப் பழசுக்குப் பதிலாக டாடா டியாகோ மின்சாரக் காரின் மோட்டாரைப் போட்டிருக்கலாமே? பொறியியல் படிக்கும் என் அக்காள் மகனும் அந்தக் கட்சிதான். இரண்டு பக்கமும் நின்று சண்டை போட்டு முடித்துவிட்டோம் என்பதால் எழுதுகிறேன்.

எதற்காகச் செய்கிறோம் என்பதை முதலில் தீர்மானித்துக்கொள்ள வேண்டும். அழகர்கோவில் சாலையில் மாலை வேளையில் ஓட்டிப் போகத்தான் என்றால் இந்த ஆசையை இங்கேயே விட்டுவிடுவது நல்லது. தயாரிப்பாளர் குறித்த விவரங்களிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக்கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு சொல்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. பெட்ரோல் காரை மின்சாரத்துக்கு மாற்ற, ஏ.ஐ.எஸ். 123 என்ற வாகனத் துறைத் தரத்தின்படி ஒப்புதல் பெற்ற கிட்டுகளுக்கு வழி உண்டு. கூரையை அறுத்த வண்டியில் டி.என். 58 பலகையை மாட்டிக்கொண்டு கிளம்ப வழியில்லை. எங்கள் வண்டி லாரியில் ஏறிப் பந்தயத் தடத்துக்குப் போகும், இல்லையென்றால் வளாகத்துக்குள் சுற்றும். அதனால் நீண்ட தூரம் ஓட வேண்டியதில்லை, ஏ.சி. வேண்டாம். இருபது நிமிடம் விரட்டி ஓட்டினால் மூச்சு வாங்காமல் இருந்தால் போதும்.

ரேவாவை ஒரே மூச்சில் கடந்துவிடலாம். 2001-இல் பெங்களூரிலிருந்து வந்த அந்தச் சின்ன வண்டிக்கு ஈய அமில பேட்டரி, 48 வோல்ட். இரும்புக் குழாய்ச் சட்டத்தின் மேல் பிளாஸ்டிக் தோல். இன்று கிடைத்தாலும் அதை அறுக்கக் கூடாது, துடைத்து வைக்க வேண்டும்.

அதன் வாரிசுதான் 2013-இல் வந்த இ2ஓ. வீட்டில் கார் செய்ய நினைப்பவனுக்கு இது ஏன் இனிக்கிறது என்பதை முதல் நாளே கண்டேன். காலை பத்து மணிக்கு ஸ்பானரை எடுத்தோம். மதியச் சாப்பாட்டுக்குள் தோல் பலகைகள் எல்லாம் சுவரோரம் சாய்ந்துவிட்டன. பலகைகள் வெறும் பிளாஸ்டிக்; வண்டியின் பலத்தில் அவற்றுக்குப் பங்கில்லை. பலம் முழுவதும் உள்ளே இருக்கும் இரும்புச் சட்டத்தில் இருக்கிறது. எங்கே அறுத்தால் எங்கே முட்டுக் கொடுக்க வேண்டும் என்பது கண்ணுக்குத் தெரிகிறது. வெல்டிங் தெரிந்தவனுக்கு அது படித்த புத்தகம். மோட்டார் பின்னால், இழுவையும் பின் சக்கரத்தில். ஸ்போர்ட்ஸ் காருக்கு வேண்டிய அமைப்பு பிறவியிலேயே இருக்கிறது.

பேட்டரி முன் இருக்கைகளுக்குக் கீழே இருக்கிறது. காகிதத்தில் பார்த்தால் இது வரம்: எடை நடுவில், தாழ்வாக. உட்கார்ந்து பார்த்தபோதுதான் சங்கதி புரிந்தது. பேட்டரிப் பெட்டியின் மேல் இருக்கை, இருக்கையின் மேல் நான். கூரையை எடுத்தபின் டிராக்டர் ஓட்டுவது போல இருந்தது. அக்காள் மகன் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. கடைசியில் செல்களைப் பிரித்து, ஒரு பகுதியை முன்பக்கம் பெட்டி கட்டி வைத்தோம், மறு பகுதியை இரண்டு இருக்கைகளுக்கும் நடுவே. இருக்கை தரையோடு இறங்கியது. அரிசி மண்டித் தராசு ஒன்றை இரவல் வாங்கி, மற்ற மூன்று சக்கரங்களுக்கும் அதே உயரத்துக்குப் பலகை வைத்து, ஒவ்வொரு சக்கரமாக ஏற்றி நிறுத்தோம். 830 கிலோவாக இருந்த வண்டி 650-ஐ ஒட்டி வந்திருந்தது. முன்பு பின் சக்கரங்களில் நூற்றுக்கு அறுபது பங்கு அழுத்திய எடை, செல்களை நகர்த்திய பின் ஐம்பத்து நான்காகக் குறைந்தது. இந்த ஒரு வேலை, இன்னொரு பத்துக் கிலோவாட்டைவிட எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

குறைக்கு வருகிறேன். மோட்டாரின் பலம் 19 கிலோவாட், முறுக்கு விசை 53 நியூட்டன் மீட்டர். வீல்பேஸ், அதாவது முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையிலான நீளம், 1958 மி.மீ. இவ்வளவு குட்டையான வண்டி வளைவில் சட்டென்று திரும்பும், அதே சட்டென்று வால் வீசும். 1957-இல் வந்த லோட்டஸ் செவனுக்கு, உலகம் முழுக்க வீட்டில் கார் செய்கிறவர்கள் பார்த்துப் பழகிய அந்த வண்டிக்கு, வீல்பேஸ் 2235 மி.மீ. இங்கேதான் நான் செய்த தவறு. 2016-இல் வந்த நான்கு கதவு இ2ஓ பிளஸ்ஸின் வீல்பேஸ் 2258 மி.மீ. ஏறக்குறைய அதே அளவு. அதில் பி8 என்ற மாதிரிக்கு 72 வோல்ட் பேட்டரி, 30 கிலோவாட், 91 நியூட்டன் மீட்டர். மலிவாகக் கிடைத்தது என்று இரண்டு கதவு வண்டியை வாங்கிய கையை இப்போது நானே கடிந்துகொள்கிறேன்.

பி8-இன் உச்ச வேகம் 85 கிலோமீட்டர்தான், ஒரே கியர். எல்லாவற்றையும் கழற்றி 650 கிலோவுக்குக் கொண்டுவந்தாலும் பலத்துக்கும் எடைக்கும் உள்ள விகிதம் பழைய மாருதி 800 அளவுக்குத்தான் வரும். அக்காள் மகன் இதைக் கேலியாகச் சொன்னான். நான் அதையே பெருமையாக எடுத்துக்கொண்டேன். கோவையில் கரிவரதன் அந்த மாருதி 800 இன்ஜினை வைத்துத்தான் ஃபார்முலா மாருதி பந்தய வண்டிகளைச் செய்தார். பின்னாளில் ஃபார்முலா ஒன் வரை போன நரேன் கார்த்திகேயன் தொடக்கத்தில் ஓட்டியதும் அந்த வகை வண்டிதான். தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் உட்கார்ந்தவனுக்கு 70 கிலோமீட்டர் வேகம் வேறு விதமாகத் தெரியும். மின் மோட்டார் நின்ற இடத்திலிருந்தே முழு இழுவையையும் கொடுக்கும் என்பது அதற்கு மேல்.

இனி டியாகோ. 2022-இல் வந்த டியாகோ மின்சாரக் காரின் பெரிய பேட்டரி மாதிரிக்கு 24 கிலோவாட்-மணி, 55 கிலோவாட், 114 நியூட்டன் மீட்டர். கிலோவாட்டில் பி8-இன் இரட்டிப்புக்குச் சற்றுக் குறைவு. ஆசை வருவது நியாயம். ஆனால் இதன் உடல் வேறு சாதி. தகடுகளை மடித்து ஒட்டிய ஒரே கூடு. கூரை, தூண், தரை எல்லாம் சேர்ந்துதான் பலம். கூரையை அறுத்தால் மூடி எடுத்த அட்டைப்பெட்டி போல முறுக்கிக்கொள்ளும். எனவே யாரும் டியாகோவை வெட்டி ஸ்போர்ட்ஸ் கார் ஆக்குவதில்லை. அதன் உள்ளுறுப்புகளை எடுத்துக்கொண்டு சதுரக் குழாயில் புதுச் சட்டம் கட்ட வேண்டும். பட்டறையும் பொறுமையும் இருப்பவனுக்கு இது தடையல்ல.

இழுவை முன் சக்கரத்தில் இருப்பதற்கும் பழைய வைத்தியம் ஒன்று இருக்கிறது. மோட்டாரைத் தாங்கும் முன் சப்ஃபிரேம் என்ற இரும்புச் சட்டத்தை, மோட்டாரோடும் சக்கரத்தைப் பிடிக்கும் கைகளோடும் அப்படியே எடுத்து, திசை மாற்றாமல் இருக்கைகளுக்குப் பின்னால் பொருத்துவது. 1972-இல் ஃபியட் எக்ஸ்1/9 என்ற இரண்டு இருக்கை கார் தன் சகோதர வண்டியின் முன் எந்திரத்தை எடுத்துப் பின்னால் வைத்துத்தான் பிறந்தது. 1984-இல் போன்டியாக் ஃபியரோ இன்னொரு காரின் முன் சப்ஃபிரேமையே பின்னால் மாட்டிக்கொண்டது. கவனிக்க வேண்டியவை இரண்டு. ஸ்டீயரிங்கோடு இணைந்திருந்த டை ராடுகளை இப்போது சப்ஃபிரேமிலேயே அசையாமல் கட்ட வேண்டும். அவற்றின் நீளமும் கோணமும் கீழ்க் கையோடு ஒத்துப்போகாவிட்டால், குழியில் இறங்கும்போதெல்லாம் பின் சக்கரம் தானாகத் திரும்பும். அடுத்தது பிரேக். டியாகோவுக்கு முன்னால் டிஸ்க், பின்னால் டிரம். முன்புறத்தைப் பின்னால் கொண்டுபோனால் டிஸ்க்கும் பின்னால் போய்விடும். புதிய முன் சக்கரங்களுக்கு அதைவிட வலுவான டிஸ்க் தேடாமல் ஓட்டினால், பிரேக் மிதித்ததும் வண்டி பின்பக்கமாக முன்னே போகும்.

இரும்பு வேலை இவ்வளவுதான். என் தயக்கம் வயரிங்கில். இ2ஓவில் மோட்டாரை ஓட வைப்பது ஒப்பீட்டளவில் எளிய ஏற்பாடு. மோட்டாருக்கு மின்சாரத்தை அளந்து விடும் கண்ட்ரோலர் பிடிக்கவில்லை என்றால் குறைந்த வோல்ட்டுக்கு வேறு கண்ட்ரோலரை வெளியே வாங்கிவிடலாம். டியாகோவில் பேட்டரி, சார்ஜர், மோட்டார், பிரேக், சாவி என்று ஒவ்வொரு பெட்டியும் மற்றவற்றோடு ஓயாமல் பேசிக்கொண்டிருக்கிறது. ஒருவர் பதில் சொல்லவில்லை என்றால் மற்றவர்கள் வேலை நிறுத்தம். காற்றுப்பையைக் கழற்றினால் விளக்கு எரிவதோடு போய்விடலாம். பேட்டரி மேலாண்மைப் பெட்டிக்கு வரவேண்டிய தகவல் ஒன்று வராவிட்டால் பேட்டரியை இணைக்கும் பெரிய சுவிட்ச்சான காண்டாக்டரே மூடாது. பலர் செய்யும் வழி, வயரிங் ஹார்னஸில் ஒரு கம்பியைக்கூட வெட்டாமல் முழுதாக எடுத்து, மிச்சத்தைச் சுருட்டி இருக்கைக்குப் பின்னால் கட்டி வைப்பது. அசிங்கமாக இருக்கும், ஓடும். பேட்டரியும் அப்படியே ஒற்றைப் பெட்டியாக வர வேண்டும். கிலோவுக்கு 120 வாட்-மணி என்று கணக்குப் போட்டால் 200 கிலோ. திரவக் குளிரூட்டல் என்பதால் பம்ப்பும் ரேடியேட்டரும் கூடவே வரும். மதுரை மேயில் அந்தக் குளிரூட்டல் வரப்பிரசாதம்தான், மறுக்கவில்லை. ஆனால் என் செல்களைப் போல அதைப் பிரித்து எடையை நகர்த்த முடியாது. பெட்டி எங்கே இருக்குமோ அதைச் சுற்றித்தான் கார்.

விபத்து வண்டி ஏலத்தில் வாங்குகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. 2023 டிசம்பரில் சென்னையிலும், சுமார் இரண்டு வாரம் கழித்துத் தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கமும் வெள்ளம் வந்தது. அப்படித் தண்ணீரில் நின்ற வண்டிகளும் சில சமயம் பளபளவென்று வரும். பேட்டரிக்குத் தண்ணீர் புகாது என்ற ஐ.பி. 67 சான்று இருக்கிறது என்பார்கள். அது பேட்டரிப் பெட்டிக்குத்தான். காருக்குள் கால் வைக்கும் இடத்தில் இருக்கும் கனெக்டர்களுக்கு அந்தச் சான்று இல்லை. பச்சை பிடித்த ஒரு முனை போதும், மாதக்கணக்கில் அலைய வைக்கும். தரைவிரிப்பைத் தூக்கி, அடியில் சேறு காய்ந்த கோடு இருக்கிறதா என்று பாருங்கள்.

காமெட்டைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். எம்.ஜி. நிறுவனத்தின் மின்சாரக் கார், 2023-இல் வந்தது, மோட்டார் பின்னால், 42 குதிரைத் திறன், 110 நியூட்டன் மீட்டர், 17.3 கிலோவாட்-மணி. எண்களைப் பார்த்தால் இதுதான் மாப்பிள்ளை. வீல்பேஸ் 2010 மி.மீ., உயரம் 1640 மி.மீ., சக்கரம் 12 அங்குலம். டியாகோவின் மின்னணுத் தலைவலி முழுவதும் இதிலும் உண்டு. இ2ஓவின் குட்டை வீல்பேஸும் உண்டு. இரண்டு வீட்டுக் கடனையும் ஒருவன் தலையில் கட்டிய மாதிரி. பழைய விலைக்கு நிறைய வரத் தொடங்கினால் மறுபடி யோசிக்கலாம்.

வோல்ட் விஷயத்தில் மட்டும் நான் சமரசம் செய்துகொள்வதில்லை. நேர் மின்சாரத்தில் 60 வோல்ட்டுக்கு மேல் ஆபத்து என்பது வாகனத் துறையின் வழக்கமான கோடு. 48 வோல்ட் இ2ஓ முழுச் சார்ஜிலும் அதற்குக் கீழே நிற்கிறது. பி8 அதைத் தாண்டிவிடுகிறது, டியாகோ பல மடங்கு தாண்டுகிறது. அதற்காக 48 வோல்ட்டைச் சாதுவென்று நினைக்க வேண்டாம். 19 கிலோவாட்டை 48 வோல்ட்டில் எடுத்தால் ஏறக்குறைய 400 ஆம்பியர் வருகிறது. ஸ்பானர் ஒன்று இரண்டு முனைகளுக்கும் குறுக்கே விழுந்தால் அது வெல்டிங் ராடு ஆகிவிடும். பட்டறையில் மோதிரத்தையும் வாட்சையும் கழற்றி ஆணியில் மாட்டிய பிறகுதான் பேட்டரி மூடியைத் திறக்கிறோம். டியாகோ வந்தால் ரப்பர் கையுறை, காப்பிட்ட கருவிகள், பேட்டரி இணைப்பைத் துண்டிக்கும் சர்வீஸ் பிளக்கைப் பிடுங்கிய பின் இன்வெர்ட்டரின் கெப்பாசிட்டரில் தேங்கிய மின்சாரம் வடியும்வரை காத்திருத்தல், பிறகு மீட்டர் வைத்துப் பார்த்தல், எல்லாம் கட்டாயம். தனியாக யாரும் வேலை செய்யக் கூடாது.

மேல் தோலுக்கு அலுமினியத் தகடா, ஃபைபரா என்று ஒரு விவாதம் உண்டு. தட்டையான பக்கங்களுக்குத் தகடு. பிசிறில்லாமல் மடித்துக் கொடுக்க நம் ஊரில் ஆள் இருக்கிறார்கள். மூக்கும் சக்கர வளைவும் ஃபைபர்தான். 1990-களின் இறுதியில் நம் நாட்டில் செய்த சான் ஸ்டார்ம் இரண்டு இருக்கை காருக்கும் ஃபைபர் உடல்தான். தெர்மோகோலைச் செதுக்கி மாவு பூசி அச்சு எடுத்தோம். முதல் நாள், மே மாதம், பிற்பகல் இரண்டு மணி. டப்பாவில் எழுதியிருந்த அளவுப்படியே ரெசினில் அதை இறுக வைக்கும் ஹார்ட்னரை ஊற்றிக் கலக்கினேன். பிரஷ்ஷைத் தொட்டு இரண்டாவது கோடு இழுப்பதற்குள் குவளையில் இருந்த ரெசின் வெல்லப்பாகு போல இறுகி, புகைந்து, பிரஷ்ஷைப் பிடித்துக்கொண்டது. குவளை கையைச் சுட்டது. அதற்குப் பிறகு விடிகாலை ஐந்தரைக்குத்தான் ஃபைபர் வேலை, ஹார்ட்னர் கணிசமாகக் குறைத்து, ஒரு தடவைக்கு ஒரு டம்ளர் மட்டும்.

ஆக, என் ஓட்டு இ2ஓ பிளஸ் பி8-க்கு. வெல்டிங் தெரியும், கணினி தெரியாது என்பவர்கள் வேறு எதையும் பார்க்க வேண்டாம். செல்கள் வயதானவை என்று வைத்துக்கொண்டு, பேட்டரிக்கு ஒரு பைசாவும் மதிப்புப் போடாமல் விலை பேசுங்கள். கணினியில் உட்கார்ந்து பெட்டிகளின் பேச்சை ஒட்டுக் கேட்கத் தெரிந்தவர் வீட்டில் இருந்தால் டியாகோ. என் வீட்டில் இருக்கிறான், அதுதான் சிக்கல்.

போன வாரம் ஏல முற்றம் ஒன்றிலிருந்து கைபேசியில் கூப்பிட்டான். பின்பக்கம் மட்டும் அடி வாங்கிய டியாகோவாம், முன் சப்ஃபிரேம் ஊசி முனை அளவும் நகரவில்லையாம், தரைவிரிப்புக்குக் கீழே சேறும் இல்லையாம். விலையையும் சொன்னான். நான் விலையைக் கேட்கவில்லை.

"சாவி இருக்கிறதா?" என்றேன்.

மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமில்லை. "விசாரித்துவிட்டுச் சொல்கிறேன் மாமா" என்றான்.