லீட்ஸிலிருந்து ஒரு நாள்: நேர்ஸ்பரோவா, செட்டிலா?

இங்கிலாந்தின் வடக்கு யார்க்‌ஷயரில் பழைய கட்டடங்களையும் ரயிலையும் சேர்த்துப் படமெடுக்க நினைப்பவர், லீட்ஸ் நிலையத்திலேயே முடிவெடுத்தாக வேண்டும். ஹாரகேட் பக்கம் போகும் ரயிலில் ஏறினால் முக்கால் மணி நேரத்தில் நேர்ஸ்பரோ. கார்லைல் ரயிலில் ஏறினால் ஒரு மணி நேரத்தில் செட்டில், அங்கிருந்து இன்னும் கால் மணி நேரத்தில் ரிப்பிள்ஹெட். பெரும்பாலானோர் இரண்டாவது ரயிலில்தான் ஏறுகிறார்கள். ரிப்பிள்ஹெட் ரயில் பாலத்தின் புகழ் அப்படி. ஒரே ஒரு நாள்தான் கையில் இருக்கிறது என்பவருக்கு நான் நேர்ஸ்பரோவைத்தான் சொல்வேன்.

ரிப்பிள்ஹெட்டின் பெருமையைக் குறைத்துச் சொல்ல முடியாது. மிட்லாண்ட் ரயில்வே 1870இல் தொடங்கி 1874இல் கட்டி முடித்த பாலம் அது. 24 வளைவுகள், 400 மீட்டர் நீளம், 32 மீட்டர் உயரம். தூண்கள் சுண்ணாம்புக்கல், வளைவுகளின் உட்புறம் செங்கல். ஒவ்வொரு ஆறாவது தூணையும் மற்றவற்றைவிடத் தடிமனாகக் கட்டியிருக்கிறார்கள். ஒரு தூண் சரிந்தாலும் ஆறு வளைவுகளோடு சேதம் நிற்க வேண்டும் என்பது கணக்கு. தொலைவில் இருப்பதை நெருக்கிக் காட்டும் டெலி லென்ஸில் பாலத்தின் ஒரு பகுதியை மட்டும் எடுப்பவர்கள் இந்தத் தடித்த தூண்களில் ஃப்ரேமை வெட்டினால் படம் அந்தரத்தில் தொங்காமல் நிற்கும்.

ஆனால் அங்கே ரயிலுக்கும் பாலத்துக்கும் அளவு பொருந்துவதில்லை. வழக்கமாக ஓடுவது சில பெட்டிகளே கொண்ட டீசல் ரயில். அந்த 400 மீட்டர் நீளத்தில், பின்னால் 736 மீட்டர் உயர வெர்ன்சைடு மலையும் நிற்கும்போது, ரயில் ஒரு கோடாகத்தான் தெரியும். கிடைப்பது அருமையான நிலக்காட்சி, ரயில் படம் அல்ல. பாலத்துக்கு ஈடுகொடுக்க நீராவி எஞ்சின் இழுக்கும் சிறப்பு ரயிலோ நீளமான சரக்கு ரயிலோ வர வேண்டும். நீராவி ரயில் என்றால் வடக்கே போவதாகப் பார்த்து நில்லுங்கள். செட்டில் சந்திப்பிலிருந்து பாலத்துக்குச் சற்று வடக்கே உள்ள பிளே மூர் வரை நூறு அடிக்கு ஓர் அடி ஏற்றம், எஞ்சின் திணறிப் புகை கக்கிக்கொண்டு ஏறும். தெற்கே இறங்கும் ரயிலில் அந்த உழைப்பு இருக்காது. சாலைப் பக்கத்து முகத்தில் காலை வெயில் விழும். மாலையில் மறுபக்கம் நடந்து போக வேண்டும். மழை வந்தால் அந்தச் சதுப்பு வெளியில் ஒதுங்க இடம் குறைவு, பயணிகள் ரயிலும் நாளுக்குச் சிலதான்.

நேர்ஸ்பரோவில் எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. நிட் ஆற்றுப் பள்ளத்தாக்கின் மேல் நான்கே வளைவுகள், 1851இல் திறந்த பாலம். முதலில் கட்டியது முடியும் தறுவாயில், 1848இல், ஆற்றுக்குள் இடிந்து விழுந்துவிட்டது. இரண்டாம் முறை கட்டியபோது கைப்பிடிச் சுவரில் கோட்டை மதில் போலப் பற்கள் வைத்தார்கள், அருகே குன்றின்மேல் நிற்கும் பழைய கோட்டையோடு இசையட்டும் என்று. கட்டடக்கலை வரலாற்றாசிரியர் நிகோலஸ் பெவ்ஸ்னருக்கு இந்தப் பாலமே பிடிக்கவில்லை. இங்கிலாந்தின் குறிப்பிடத்தக்க ரயில்வே குற்றங்களில் ஒன்று என்றே எழுதினார். கோட்டை மேட்டில் நின்று பார்த்த பிறகு அவரோடு என்னால் உடன்பட முடியவில்லை. கீழே ஆறு, கோடையில் அதில் வாடகைப் படகுகள், சரிவில் அடுக்கடுக்காக ஓட்டு வீடுகள், மரங்களுக்கு நடுவே பாலம். நான்கு வளைவுகளின் மேல் மூன்று பெட்டி ரயில் வரும்போது பாலம் நிறைந்துவிடுகிறது. ரயில் இல்லாத நேரத்தில் எடுத்தால் அதே காட்சியில் ஏதோ குறைகிறது.

கோட்டை மேட்டிலிருந்து பாலம் ஏறக்குறைய வடமேற்கே இருப்பதால் முற்பகல் வெளிச்சம்தான் சரி. கோடை மாலையில் சூரியன் எதிரே வந்து நிற்கும். சாதாரண 35 முதல் 70 மி.மீ. லென்ஸ் போதும். மணிக்கு இரண்டு ரயிலுக்குக் குறையாது, ஒன்று தவறினால் அடுத்தது இருக்கிறது. பிறகு படியிறங்கி ஆற்றோரம் போனால், காற்றில்லாத நாளில் வளைவுகள் தண்ணீரில் முழு வட்டமாகத் தெரியும். அங்கேதான் சதுரங்கப் பலகை போலக் கறுப்பு வெள்ளைக் கட்டம் தீட்டிய பழைய மேனர் வீடும் இருக்கிறது. ரயில் நிலையத்தை விட்டுவிடாதீர்கள். நடைமேடையின் ஒரு முனையில் பாலம், மறுமுனையில் சுரங்கப்பாதை. சிக்னல் கேபின் ஒரு வீட்டு வரிசையின் கடைசி வீட்டோடு ஒட்டி நிற்கிறது. தண்டவாளமும் ஊரும் இவ்வளவு நெருக்கமாக ஒரே படத்தில் வருவது அபூர்வம்.

செட்டில் ஊருக்கும் ஒரு நியாயம் சொல்ல வேண்டும். ரிப்பிள்ஹெட்டுக்கு அவசரப்படுகிறவர்கள் இதைக் கடந்து போய்விடுகிறார்கள். கட்டடம் மட்டும் போதும் என்றால், நான் நேர்ஸ்பரோ நிலையத்தைவிடச் செட்டில் நிலையத்தையே விரும்புவேன். 1876இல் பயணிகளுக்குத் திறந்த செட்டில்–கார்லைல் ரயில் பாதையின் கோதிக் பாணிக் கல் கட்டடம், கூரை விளிம்பில் செதுக்கிய மரப்பலகைகள். ஸ்காட்லாந்தின் டிரெம் நிலையத்திலிருந்து கொண்டுவந்து நிறுத்திய நடைமேம்பாலம். ஆர்வலர்கள் புதுப்பித்து வைத்திருக்கும் பழைய சிக்னல் கேபின். 1980களில் பாதையையே மூட இருந்தார்கள், மக்கள் போராடி 1989இல் காப்பாற்றினார்கள். அந்த அக்கறையை இன்றும் ஒவ்வொரு பெயின்ட் பூச்சிலும் பார்க்கலாம். ஊருக்குள் 17ஆம் நூற்றாண்டின் ஃபாலி மாளிகையும், சந்தைச் சதுக்கத்தின் ஷாம்பிள்ஸ் கடைக் கட்டடமும் இருக்கின்றன. ஆனால் ரயிலையும் இவற்றையும் ஒரே ஃப்ரேமில் கொண்டுவருவது கடினம். தனித்தனிப் படங்களாகத்தான் அமையும்.

குளிர்காலம், பகல் குறைவு, வானம் மூட்டம் என்றால் யோசிக்கவே வேண்டாம், நேர்ஸ்பரோ. நீராவிச் சிறப்பு ரயில் வடக்கே ஓடும் நாள், வானமும் தெளிவு என்றால் ரிப்பிள்ஹெட் போங்கள். அப்போது திரும்பும் ரயிலின் நேரத்தை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். இரு இடங்களிலும் நடைமேடையில் மஞ்சள் கோட்டுக்குப் பின்னால்தான் நிற்க வேண்டும், ஃப்ளாஷ் கூடாது.