மண்டபம் மீன் கம்பெனி ஒன்றில் நிறுவன மாதிரி: நெடுநாள் பயன்பாட்டு அனுபவம்

மண்டபத்தில் இறாலும் கணவாயும் வாங்கி ஏற்றுமதிக்கு அனுப்பும் ஒரு கம்பெனியில், வேலைமுறையைத் திருத்தவும் அதற்கேற்ற மென்பொருளை எழுதவும், பி.பி.எம்.என். என்னும் குறியீட்டில் (வேலை படிப்படியாக யாரிடமிருந்து யாருக்கு நகர்கிறது என்பதைக் காட்டுவது) வரைந்த செயல்முறைப் படங்களையும், ஆர்க்கிமேட் என்னும் வரைமொழியில் (நிறுவனத்தின் நோக்கம், வேலை, மென்பொருள் ஆகியவற்றின் தொடர்பைக் காட்டுவது) வரைந்த நிறுவன மாதிரியையும் பல ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன். முதலாவதை வரையும் கமுண்டா மாடலர், இரண்டாவதை வரையும் ஆர்க்கி என்னும் இரு கருவிகளும் இலவசம். சிறு நிறுவனத்துக்கு இவையே போதும்.

பெரும் பயன் கிடைத்தது படகு எண் விஷயத்தில்தான். ஐரோப்பிய ஒன்றியத்துக்குப் போகும் கடல் மீனுக்கு 2010 முதல் பிடிப்புச் சான்றிதழ் (மீன் சட்டப்படி பிடிக்கப்பட்டது என்பதற்கான சான்று) கட்டாயம் என்பதால், சரக்கு எந்தப் படகினுடையது என்பது கடைசிவரை தெரிந்தாக வேண்டும். படகு உரிமையாளர், எடை போடுபவர், தரம் பிரிக்கும் பெண்கள், கணக்குப்பிள்ளை என ஒவ்வொருவருடைய வேலைக்கும் படத்தில் தனித்தடம் போட்டு வரைந்தபோது, பல படகுகளின் இறால் ஒரே மேசையில் கொட்டப்படும் இடத்தில் படகு எண் அறுந்துபோவது பளிச்சென்று தெரிந்தது. கம்பெனி முதலில் கேட்டதோ அறிக்கை அச்சிடும் ஒரு திரை மட்டுமே! ஒரு படகின் சரக்கைப் பிரித்து முடித்த பிறகே அடுத்ததைக் கொட்டுவது, பெட்டிதோறும் படகு எண்ணுடன் எடைச்சீட்டு வைப்பது என்று வேலைமுறையை முதலில் மாற்றினோம். அதன்பின் எழுத வேண்டிய நிரல் வெகுவாகக் குறைந்தது.

படகு உரிமையாளர்களுக்குக் கொடுத்து, பிறகு சரக்குத் தொகையில் பிடித்துக்கொள்ளும் முன்பணக் கணக்கில் பி.பி.எம்.என். எனக்கு நிறைவு தரவில்லை. பாக்கி எவ்வளவு, பிடித்தம் எவ்வளவு, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் பிடித்தத்தை நிறுத்துவதா என்ற விதிகளையெல்லாம் படத்துக்குள் அடைத்தால், கிளைகள் பெருகி யாருக்கும் விளங்காமல் போகிறது. விதிகளைத் தனி முடிவு அட்டவணையாக (எந்த நிலையில் என்ன செய்வது என்று வரிசையாகக் காட்டும் பட்டியலாக) எழுதிய பிறகுதான், கணக்குப்பிள்ளையே அதைப் படித்துத் திருத்தம் சொல்லத் தொடங்கினார். விதிகள் மிகுந்த தொழிலில் இருப்பவர்கள் இந்தப் பிரிவினையை முதல் நாளே செய்துகொள்வது நல்லது.

ஆர்க்கிமேட்டில் ஒரு வேலையை ஏன் செய்கிறோம் என்பதைக் காட்டும் நோக்கப் பகுதி முதலாளியுடன் பேசுவதற்கு உதவியது. கரையில் வேலை செய்வோருக்கு அது பயன்படவில்லை. அவர்களிடம் செயல்முறைப் படத்தைப் பெரிய தாளில் அச்சிட்டுக் காட்டினால்தான் பேச்சு நகர்கிறது. ஐஸ் போட்டு அடுக்கும் வேலை தரம் பிரிப்பதற்கு முன்னும் ஒருமுறை நடக்கிறது என்பதை, மேசையருகே நின்ற ஓர் அக்காதான் தாளில் விரல் வைத்துக் காட்டினார். அலுவலகத்தில் யாரும் அதைச் சொல்லவில்லை.

தடைக்காலத்தில் கொள்முதல் ஓய்ந்திருப்பதால், படத்தையும் நடப்பையும் ஒப்பிட்டுப் பார்க்கும் வேலையை அப்போது வைத்துக்கொள்கிறோம். படக் கோப்புகள் எக்ஸ்எம்எல் என்னும் உரை வடிவில் இருப்பதால், நிரலோடு சேர்த்து ஒரே களஞ்சியத்தில் சேமிக்கிறோம். படம் மாறாமல் நிரல் மாற்றத்தை ஏற்பதில்லை.